வால்தெமோராவின் கம்பி வலை

உங்கள் காப்பியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. சிக்கரி கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இருபது வருஷமாகத் துரை வீட்டில் பட்லராக இருந்தவன் நாக்கு இது, சும்மா இருக்காது. மற்றபடி காப்பி நல்ல சூடாக இருந்தது. மயிலாப்பூர் ஸ்டேஷனில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என்னை யாரும் பிடித்து வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அடையாற்று வடகரையிலிருந்து நானாக நடந்து வந்தேன். பெல்லாமி துரை பங்களா விருந்தில் இரண்டு பேர் செத்துப்போன விஷயத்தில் விசாரணை முடிகிறது என்றும், விஷம் ஸ்பெயின் தேசத்திலேயே புட்டிக்குள் போயிருக்க வேண்டும் என்றும் பேப்பரில் போட்டிருந்தது. துரையின் டிரைவர் மெஹபூப் பாஷா எனக்கு வாசித்துக் காட்டினான். புட்டியைச் சுற்றியிருந்த கம்பி வலையை அறுக்காமல் திறந்து மறுபடி மூடக்கூடிய கை இந்தப் பட்டணத்தில் கிடையாது என்று நீங்கள் சொன்னதாக அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் வந்தேன். அது தப்பு. தப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டாமா?

என் பெயர் சந்தியாகு. சாந்தோம் குப்பத்தில் பிறந்தவன். அப்பா, தாத்தா எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்குக் கட்டுமரத்தில் கால் வைத்தாலே குமட்டும். மீனவன் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் ஆகாது என்றால் ஊர் சும்மா விடுமா? "இவன் கரையில குந்திக்கினு வலை பொத்தத்தான் லாயக்கு" என்றார்கள். பொத்தினேன். பன்னிரண்டு வயதில் என் கையால் சரிசெய்த வலையில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அதற்காக யாரும் என்னைப் பாராட்டவுமில்லை. ஓட்டை தெரியாவிட்டால் வலைக்காரன் ஞாபகம் யாருக்கு வரும்?

பிறகு பெல்லாமி துரை வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, பட்லரானேன். துரைக்குத் தோல் ஏற்றுமதி வியாபாரம். இளவயதில் ஸ்பெயினில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒரு பருவம் தங்கியிருந்தாராம். வால்தெமோரா என்று பெயர். எப்ரோ ஆற்றங்கரையில் சிவப்பு மண். குன்றைக் குடைந்து நீளமான ஒரு கிடங்கு. அதற்குள் ஓக் மரப் பீப்பாய்கள். சிவப்பு ஒயினை அந்தப் பீப்பாயில் வருஷக்கணக்கில் தூங்க விடுவார்கள், பிறகு புட்டியில் இன்னும் சில வருஷம். பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போய் வாய்ப்பாடு ஒப்பிக்கும் வயது ஆனபிறகுதான் அது வாசலைத் தாண்டும். துரை இதையெல்லாம் சொல்லும்போது கோயிலில் பேசுகிறவர் மாதிரி குரல் இறங்கிவிடும். நான் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டால்கூடச் சொல்வேன்.

வருஷத்துக்கு ஒரு பெட்டி அங்கிருந்து வரும். ஒவ்வொரு புட்டிக்கும் தங்க நிறத்தில் மெல்லிய கம்பி வலை சட்டை மாதிரி போட்டிருக்கும். தோட்டத்துப் பெண்கள் கையால் பின்னுவது. காலிப் புட்டியில் மட்டச் சரக்கை ஊற்றி வால்தெமோரா என்று விற்கிறவர்களைத் தடுக்க அந்த ஏற்பாடு. வலை கழுத்தில் ஈய முத்திரையில் முடியும். அறுக்காமல் கார்க்கைத் தொட முடியாது. துரை விருந்தாளிகளுக்கு முன்னால் ஒரு சின்னக் குறட்டால் அறுப்பார். அந்த நேரம் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள்.

"இது ஒருத்தனும் ஏமாத்த முடியாது, சாண்டியாகு" என்பார் தனக்குத் தெரிந்த தமிழில். வலைக்குள்ளேயே தவழ்ந்து வளர்ந்தவனிடம் அதைச் சொன்னார். நான் "ஆமாங்க தொரே" என்பேன்.

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷத்துக் கோடை. துரை வழக்கம்போல ஊட்டிக்குப் போயிருந்தார். பங்களாவுக்கு அடியில் பாதி தரைக்குள் இறங்கிய ஒரு அறை, அதில்தான் ஒயின். கோடையில் ஈர மணல் பரப்பி, கதவுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருஷம் என் மனைவி ஜெசிந்தாவுக்கு டைபாய்டு. நான் குப்பத்திலேயே கிடந்தேன். தண்ணீர் தெளிக்கும் வேலையைத் தோட்டக்காரன் குப்பனிடம் விட்டேன். குப்பன் சொன்னால் தலையாட்டுவான், சொன்னவன் திரும்பியதும் படுத்துக்கொள்வான். ஜெசிந்தா பிழைத்தாள். ஒயின் பிழைக்கவில்லை.

பாதிப் புட்டிகளில் கார்க் வலையை முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே என்ன கதி என்று பார்க்க வேண்டும். பார்க்க வலையை அறுக்க வேண்டும். அறுத்தால் வேலை போகும். ஒரு புட்டியை மடியில் கிடத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எந்த வலைக்கும் பின்னியவர் கை நின்ற இடம் என்று ஒன்று உண்டு. தேடினேன். புட்டியின் அடியில், குழிந்த இடத்தில், கடைசி முடிச்சு மடங்கிக் கிடந்தது.

அந்த மேஜையில் பங்களாவிலிருந்து எடுத்துவந்த புட்டிகள் இருக்கின்றனவே, ஒன்றை இப்படித் தள்ளுங்கள். என் சட்டைப் பையில் ஜெசிந்தாவின் கொண்டை ஊசி இருக்கிறது. கான்ஸ்டபிள் சோதனை போட்டபோது அதை ஆயுதம் என்று நினைக்கவில்லை. பாருங்கள், இதுதான் கடைசி முடிச்சு. இதை நெம்பினால் அடுத்த கண்ணி தானாக இளகும். அடி வரிசைகளை அவிழ்த்தால் போதும், புட்டி கீழ்வழியாக வழுக்கி வந்துவிடும். மேலே முத்திரை முத்திரையாகவே நிற்கும். கார்க்கின் தலையில் பூசிய மெழுகு ஒரு தடையா? எங்கள் கோயிலில் மெழுகுவர்த்திக்கா பஞ்சம்? வேலை முடிந்ததும் புட்டியை உள்ளே ஏற்றி, விட்ட கண்ணியைப் பிடித்து, முடிச்சைப் போட்டு, இப்படி மடக்கிவிட வேண்டும். இந்தாருங்கள். நான் கை வைத்த இடத்தைக் காட்டுங்கள். கான்ஸ்டபிள் தம்பி, நீயும் வந்து பார், உனக்கு இளம் கண்தானே.

தெரியவில்லை, இல்லையா? அதைத்தான் சொன்னேன்.

அன்று புட்டிக்குள் இருந்தது புளித்துப்போன காடி. மீன் குழம்புக்குக்கூட ஆகாத காடி. மற்றவையும் அதே கதி. எல்லாவற்றையும் ஆற்றில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஜெசிந்தா அப்போதுதான் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் கொல்லைப்பக்கம் கைகாட்டி, "என்னுது ரெண்டு ஜாடி கீதே, அத்த ஊத்தேன்" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே ஊற்றினேன்.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுவார்கள். மற்ற வீடுகளில் சர்க்கரையைக் கொட்டிப் பாகாக்கி வைத்திருப்பார்கள். குடித்தால் எறும்புக்குக்கூடத் திகட்டும். ஜெசிந்தா ஒயின் அப்படி இருக்காது. பெங்களூர்க் கறுப்புத் திராட்சை, கூடக் கொஞ்சம் நாவல் பழம், கருகும் பதத்தில் காய்ச்சிய பனைவெல்லம். ஜாடியை வீட்டுக்குப் பின்னால் மணலில் கழுத்துவரை புதைத்துவிடுவாள். "நோண்டிக்கினே இருந்தா பூடும். சும்மா வுடு" என்பாள். துறைமுகத்தில் உடைந்துபோன பிராந்திப் பீப்பாய்ப் பலகைகளை வாங்கி வந்து, சீவி, ஜாடிக்குள் நான் போட்டேன். அந்த யோசனை மட்டும் என்னுடையது. கை அவளுடையது.

துரை திரும்பினார். விருந்து வைத்தார். வலையை அறுத்தார். நான் ஊற்றினேன். ஹைகோர்ட்டில் பெரிய பதவியிலிருந்த ஒருவர் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்து, "பீப்பாயில் தூங்கிய வருஷங்கள் தெரிகின்றன" என்றார். துரை முகர்ந்து பார்த்து, "வால்தெமோராவின் மண் வாசனை" என்றார். அது சாந்தோம் கடற்கரை மணல். நான் பின்னால் நாப்கினோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் ஜெசிந்தாவிடம் சொன்னபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நெசமாவா? தொரைங்களா சொன்னாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்து முடிந்தும் அவளுக்கு ஒரே கேள்விதான்: "இன்னா சொன்னாங்க?" நான் ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். ஒருவர் லேசாகப் புளிக்கிறது என்றால் மறு வருஷம் அது இருக்காது. எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்த வீட்டில், பேச ஒரு விஷயம் கிடைத்தது. நான் அந்த வருஷங்களில் சந்தோஷமாக இருந்தேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

ஸ்பெயினிலிருந்து புதுப் பெட்டி வந்தால் அதையும் திறந்து மாற்றினேன். உண்மையான வால்தெமோராவை நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். நல்ல ஒயின்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று மேஜைக்குப் போனால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆகவே அதை அடையாற்றில் ஊற்றினேன். நீங்கள் இதைத் திருட்டு என்று எழுதப் போகிறீர்கள். ஒரு சொட்டு நான் விற்றதில்லை. திருடன் எடுத்துக்கொண்டு போவான். நான் கொண்டுவந்து வைத்தேன்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. போன மாதம் அவன் வந்தான்.

எஸ்தெபான். வால்தெமோரா முதலாளியின் கடைசி மகன். கொழும்பில் கப்பலைவிட்டு இறங்கி போட்மெயில் ரயிலில் வந்தான். இந்தத் தேசத்தில் தங்கள் ஒயினை விற்க ஏஜெண்டு தேடி வந்தவன், துரை பங்களாவில் தங்கினான். முப்பது வயது இருக்கும். என் பெயரைக் கேட்டதும் சந்தோஷப்பட்டான். அவர்கள் நாட்டுக்கே பாதுகாவலான புனிதர் பெயராம் அது. துரை ஆபீசுக்குப் போன ஒரு காலையில், கடல் தாண்டி வந்த ஒயின் இந்த வெயிலில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான். பக்கத்தில் ஒரு பாத்திரம் வைக்கச் சொன்னான். பித்தளைப் படிக்கத்தை வைத்தேன்.

முதலில் வலையைத் தடவிப் பார்த்தான். அவன் வீட்டு ஆட்கள் பின்னிய வலை. அதை என் கை அவிழ்த்துக் கட்டியிருந்தது. அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அறுத்தான். ஊற்றினான். வாயில் விட்டுக் கன்னத்துக்குள் உருட்டினான். கண்ணை மூடினான். பிறகு படிக்கத்தில் துப்பினான்.

இன்னொரு புட்டியைத் திறக்கச் சொன்னான். அதையும் துப்பினான். மூன்றாவதையும். எல்லாம் ஜெசிந்தாவின் ஒயின். அங்கே வேறு ஒயினே இல்லை. "குட்" என்றான். அதே வாயால் துப்பி, அதே வாயால் குட் என்றான். என் சர்வீஸில் எத்தனையோ குடிகாரர்களைப் பார்த்திருக்கிறேன். கோட்டில் கொட்டிக்கொண்டவர்கள் உண்டு, வாந்தி எடுத்தவர்கள் உண்டு. வாயில் ஊற்றிய ஒயினை விழுங்க மறுத்துத் துப்பியவனை நான் பார்த்ததில்லை.

பிறகு என்னைப் பார்த்தான். "இது எங்கள் ஒயின் இல்லை. செய்தது யார்?" என்று எங்கள் இருவருக்கும் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில் கேட்டான்.

இதுதான் காரணம், ஐயா. அவன் கண்டுபிடித்துவிட்டான். துரைக்குத் தெரிந்தால் எனக்கு ஜெயில், கூட ஜெசிந்தாவுக்கும் ஜெயில். பெண்டாட்டியைக் காப்பாற்றுவது புருஷன் கடமை. இதை நீங்கள் அப்படியே எழுதலாம்.

அவன் துரையிடம் சொன்னானா என்று கேட்கிறீர்கள். சொல்லவில்லை. உதட்டில் விரலை வைத்து, சொல்ல மாட்டேன் என்று சைகை செய்தான். ஒயின் போட்ட இடத்தை மட்டும் காட்டச் சொன்னான். அதனால் என்ன? இன்று சொல்ல மாட்டேன் என்பவன் நாளைக்குச் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலில் பூசை பார்த்துவிட்டு அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மெஹபூப் பாஷா வண்டியை மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு எங்களோடு வந்தான். தோட்டத்து முதலாளி மகன் வருகிறார் என்று ஜெசிந்தா காலையிலிருந்தே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கலியாணப் புடவையைக் கட்டியிருந்தாள். இருப்பதிலேயே பழைய ஜாடியைத் திறந்து, கிளாஸைத் துடைத்துத் துடைத்து, ஊற்றிக் கொடுத்தாள். ஆறு வருஷம் "இன்னா சொன்னாங்க" என்று என்னிடம் கேட்டவள், முதல் தடவையாக ஒருவர் குடிப்பதை நேரில் பார்க்கப் போகிறாள்.

அவன் குடிக்கவில்லை. வாயில் வைத்தான். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு ஒரு பக்கமாகத் திரும்பி மணலில் துப்பினான்.

அதற்கப்புறம் நாடகம். நெஞ்சில் கை வைத்து அவளுக்குத் தலை குனிந்தான். அவன் பாஷையில் நீளமாக என்னவோ சொன்னான். கண்கூடக் கலங்கின மாதிரி வைத்துக்கொண்டான். அப்பாவுக்குக் கொண்டுபோக ஒரு புட்டி வேண்டும் என்றான். அப்பாவுக்காம். சாட்சிக்குச் சரக்கு எடுக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? பிறகு தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஜெசிந்தா துப்பிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா இது, வாயில ஊத்திக்கினு துப்பிட்டாரு?"

நான் கிளாஸைக் கழுவி வைத்தேன்.

"நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லிட்டுப் போவலாம். துப்புவானா ஒரு மன்ஷன்?" என்றாள். கொஞ்சம் கழித்து என் முகத்தைப் பார்த்து, "இத்தினி வருசமா தொரைங்க நல்லா கீதுன்னாங்கன்னு வந்து சொன்னியே, அது நெசந்தானா? இல்ல நான் மன்சு ஒடஞ்சி பூடுவேன்னு சொன்னியா?" என்று கேட்டாள்.

சத்தியம் செய்தேன். தேவமாதா பேரில் செய்தேன். சரி என்று தலையாட்டினாள். நம்பவில்லை. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது ஜாடிகளை எல்லாம் தோண்டி எடுத்துக் கவிழ்த்திருந்தாள். மணல் கறுத்து ஈரமாகக் கிடந்தது, பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அவள் அடுப்படியில் சாதாரணமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

மறுநாள் கார் ஷெட்டில் மெஹபூப் பாஷா என்னைத் தேற்றப் பார்த்தான். "வுடு நைனா. அவுங்க ஊர்ல அப்டி ஒரு வழக்கம் கீதோ இன்னாவோ. ருசி பாத்துட்டுக் கொப்புளிச்சாப்லதான் இருந்திச்சு" என்றான். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் எனக்கு ஒயினைப் பற்றிச் சொல்ல வருகிறான். போய் வண்டியைத் துடை என்றேன்.

அந்த வாரமே ஒரு விருந்து இருந்தது. மேஜையில் நாலு பேர். துரைக்குக் கீல்வாதம் வந்து டாக்டர் ஒயினை நிறுத்தியிருந்தார். எனக்குச் சோறு போட்டவர் அவர். அவர் குடிக்காத வாரமாக இருந்தது எனக்கு வசதியாயிற்று. இன்னொருவர் மதுவிலக்குப் பிரசங்கம் செய்யும் பாதிரியார். மூன்றாவது, அந்தப் பாதிரியாரின் அக்கா மிஸஸ் லாங்லி, விதவை. நாலாவது அவன்.

அறையிலிருந்த எங்கள் புட்டிகளில் ஒன்றை எடுத்து, வலையை அவிழ்த்து, செய்ய வேண்டியதைச் செய்து, மறுபடி கட்டினேன். உள்ளே என்ன போட்டேன் என்று உங்கள் ரசாயனப் பரிசோதகர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. துரை எல்லோர் முன்னிலையிலும் குறட்டால் வலையை அறுத்தார். முத்திரை அப்படியே இருந்ததை அவரே உங்களிடம் சாட்சி சொன்னார். பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

நீங்கள் மிஸஸ் லாங்லியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். நல்ல அம்மாள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு கைக்குட்டை தருவார், மூலையில் என் பெயரின் முதல் எழுத்தைத் தைத்து. அவர்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவன் மட்டும் செத்தால் விஷம் கிளாஸில் இருந்தது என்பீர்கள். கிளாஸை வைத்தவன் பட்லர். இரண்டு பேர் செத்தால் விஷம் புட்டியில் இருந்தது என்பீர்கள். புட்டியை மூடியது ஸ்பெயின். அதற்கு இரண்டாவதாக ஒருவர் வேண்டியிருந்தது. அந்த மேஜையில் ஒயின் குடிக்கிறவர் வேறு யாரும் இல்லை. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அவருக்கு நானே ஊற்றினேன், வழக்கம்போல அரைக் கிளாஸ்தான்.

செத்தது அவன் மட்டுமல்ல, அவன் தோட்டமும்தான். இனி இந்தத் தேசத்தில் வால்தெமோரா புட்டியை எவனும் தொடமாட்டான். கள்ளச் சரக்கு உள்ளே போகாதபடி வலை போட்டு வைத்தார்களே, அந்த வலையே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. இதையும் நான் யோசித்துத்தான் செய்தேன்.

ஜெயிலுக்குப் பயந்து செய்தேன் என்று முன்னால் சொன்னேன் இல்லையா? அதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள். பயந்தவன் இங்கே நடந்து வருவானா? காரணம் வேறு. விருந்து மேஜையில் துப்ப முடியாது, ஐயா. வெள்ளை விரிப்பு, எதிரே ஒரு அம்மாள், பக்கத்தில் பாதிரியார். எவ்வளவு பெரிய தோட்டத்துப் பிள்ளையாக இருந்தாலும் விழுங்கித்தான் ஆக வேண்டும். அவன் தொண்டை ஏறி இறங்குவதை நான் பின்னால் நின்று பார்த்தேன். முழு கிளாஸையும் குடித்தான். இன்னொன்று கேட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டான். ஊற்றினேன்.

வீட்டுக்குப் போய் ஜெசிந்தாவிடம் சொன்னேன்: "முழுக்கக் குடிச்சான். ரெண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிச்சான்." அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவா?" என்றாள். அந்த ஒரு கணத்துக்காக நான் எதையும் செய்வேன். திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன். விடிந்ததும் அவன் செத்த செய்தி குப்பத்துக்கு வந்தது, மத்தியானம் அந்த அம்மாள் செய்தி வந்தது. ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நம்ம ஒயினாலயா?" என்று கேட்டாள். இல்லை, அது ஸ்பெயினிலிருந்து வந்த புட்டி என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

ஏன் பேனாவை வைத்துவிட்டீர்கள்? எழுதுங்கள்.

இல்லை, சொல்லுங்கள், கேட்கிறேன். துரை உங்களிடம் சொன்னாரா? ஒயினைச் சோதிப்பதே தொழிலாக உள்ளவர்கள் எல்லோரும் துப்புவார்கள் என்றா? எவ்வளவு உயர்ந்த ஒயினாக இருந்தாலும்? விழுங்கினால் நாக்கு மழுங்கிவிடும், ருசி தெரியாது, அதனால் என்று. சரி.

இன்னும் இருக்கிறதா?

விருந்துக்கு முந்தின நாள் அவன் துரையிடம் சொன்னானாம்: இந்த ஊரில் ஒரு பெண் ஒயின் செய்கிறாள், யார் என்று கேட்காதீர்கள், வாக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் கிடங்கில் இருப்பவர்களுக்கு வராத கை அவளுடையது. அப்பா கண்ணை மூடுவதற்குள் அதை ஒரு தடவை அவர் வாயில் வைத்துவிட வேண்டும். துரை அது ஏதோ பயணக் களைப்பில் சொன்னது என்று விட்டுவிட்டாராம்.

நான் இதை நம்பவில்லை, ஐயா. நீங்கள் போலீஸ்காரர். மனிதனைக் கலங்க வைத்து வார்த்தை வாங்குவது உங்கள் தொழில். நான்தான் கேட்காமலேயே எல்லாம் சொல்லிவிட்டேனே, எனக்கு எதற்கு இது? நல்ல சோற்றை எவனாவது மென்று துப்புவானா? நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். அவன் துப்பினான். அதை முதலில் எழுதுங்கள். சந்தியாகு ஆகிய நான் எஸ்தெபானையும் மிஸஸ் லாங்லியையும் விஷம் வைத்துக் கொன்றேன், யாரும் தூண்டவில்லை, யாருக்கும் பங்கில்லை, வலையை அவிழ்த்ததும் கட்டியதும் என் கைதான் என்று கீழே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். என் பெயரை எழுத எனக்குத் தெரியும்.

வெளியே ஜெசிந்தா வந்து உட்கார்ந்திருப்பாள். நான் எதற்கு இங்கே வந்தேன் என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் கொன்றதை நீங்களே அவளிடம் சொல்லலாம், அதைத் தாங்கிக்கொள்வாள். துரை சொன்னதாக இப்போது சொன்னீர்களே, அந்தப் பொய்யை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.